நெல்லையில் இருந்துகொண்டு எண்ணெய் வண்ணத்தில் முக ஓவியம் பழகுவது எப்படி?

பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை, கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. படத்தில் நிழல் வெறும் கறுப்பாக அடைத்துவிடும். நேரில் அதே நிழலுக்குள் செம்மையும் பச்சையும் ஓடுவது தெரியும். வீட்டில் ஒருவரைக் கெஞ்சியாவது உட்கார வையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நேர்வெயில் உள்ளே விழாத ஜன்னல் வேண்டும் என்பதற்காக ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைத்தான் சொல்லும். அவர்கள் ஊரில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும் என்பதால் அது சரி. திருநெல்வேலியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைக்கும் உள்ளே இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலை நாடுங்கள், மற்ற மாதங்களில் வடக்கு. எதிர்வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்திருந்தால் முகத்திலும் பச்சை ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறங்களைக் கடையோடு வாங்கிவர வேண்டாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் கூட்டு நான்கே நிறங்கள்: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு. நீலம் இல்லையே என்று தயங்காதீர்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், மாநிறத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகவே தெரியும். கறுத்த நெற்றியின் மினுக்கத்துக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும், சுத்த வெள்ளை அல்ல. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ரோஜா நிறத்தில் தொடங்கினால் நம் ஆட்கள் பவுடர் பூசியவர்கள் போல ஆகிவிடுவார்கள்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவர் எனக்காக உட்காருவார். “எய்யா, கண்ணைச் சிமிட்டலாமா?” என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். பாம்படம் போட்டு வளர்த்த காது. வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது தொங்கும் சோணை மட்டும் செக்கச்செவேல் என்று எரியும். அதன் ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சு, உள்ளே அடர்ந்த சிவப்பு. எந்தக் கைப்பேசியும் அந்தச் சிவப்பை எனக்குக் காட்டியதில்லை.

இன்னொன்று, தேய்த்து வழவழப்பாக்கும் ஆசை. கோவில்பட்டியில் குடியேறிய கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த காலண்டர் சாமிகளைப் பார்த்து வளர்ந்த கண்கள் நம்முடையவை. சாமிக்கு அந்த வழவழப்பு அழகுதான். மனித முகத்தில் தாடை எலும்பும் கன்ன மேடும் அதில் கரைந்துபோகும். ஒவ்வொரு நிறத்தையும் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதல், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் பின்னாளில் பூச்சு விரிசல் விடும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடித்தான் காய்கிறது, அப்போது சூடும் பிறக்கிறது. ஆகவே எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவையுங்கள்.