'ஷெனானிகன்ஸ்' என்றால் என்ன? எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

இந்த ஆங்கிலச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது அது யாரோ ஒரு ஆளின் பெயர் என்றுதான் நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அமெரிக்காவில் இருந்த மேனேஜர் ஒரு வாரம் லீவில் போகிறார். போனை வைக்கும்முன் "நான் வரும்வரை நோ ஷெனானிகன்ஸ்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஃபிளானகன், பிரானிகன் மாதிரி ஷெனானிகன் என்று ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்கிறார் போல, அவரைக் கிட்டே சேர்க்கக் கூடாது போல என்று நோட்டில் வேறு எழுதிக்கொண்டேன்.

எனக்கு அர்த்தம் தெரிய ஒரு வாரம் ஆனது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: சேட்டை. ஆனால் அதோடு முடியவில்லை. ஹாஸ்டல் பையன்கள் ராத்திரி அடிக்கும் லூட்டியும் ஷெனானிகன்ஸ்தான், தேர்தலில் நடக்கும் தகிடுதத்தமும் ஷெனானிகன்ஸ்தான். அடுத்த காலாண்டில் வரவேண்டிய வருமானத்தை இந்தக் காலாண்டிலேயே வந்ததாகக் காட்டும் கம்பெனிக் கணக்கையும் இதே சொல்லால் குறிப்பார்கள். எந்த அர்த்தம் என்பதை ஆளையும் இடத்தையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தமிழில் இதற்கு மிகக் கிட்டத்தில் வருவது 'தில்லாலங்கடி வேலை' என்பேன். சிரிப்பும் சந்தேகமும் சேர்ந்தே ஒலிக்கும் சொல் அது.

பெரும்பாலும் பன்மையில்தான் வரும். 'ஒரு ஷெனானிகன்' என்றால் காதுக்கு இடறும். உச்சரிக்கும்போது இரண்டாவது அசையில் அழுத்துங்கள்.

பிறந்த கதை சுவாரசியமானது. அச்சில் இது முதலில் தென்படுவது 1855 வாக்கில், கலிபோர்னியாவில். 1848-இல் அங்கே தங்கம் கிடைத்தது, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். யார் பேச்சிலிருந்து எது ஒட்டிக்கொண்டது என்று யார் கண்டது? ஏமாற்று வேலையைக் குறிக்கும் 'சர்ரனாடா' என்ற ஸ்பானியச் சொல்லைக் காட்டுவார்கள் சிலர். நரிக்கு ஐரிஷ் மொழியில் 'ஷன்னக்'. அதிலிருந்து வந்த, 'நரித்தனம் பண்ணுகிறேன்' என்று பொருள்படும் வினைச்சொல்தான் மூலம் என்பார்கள் வேறு சிலர். அகராதிகள் 'மூலம் தெரியவில்லை' என்று ஒதுங்கிக்கொள்கின்றன. நம் ஊர் நரியும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதால் எனக்கு நரிக் கட்சிதான் பிடிக்கும். ஆதாரம் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், ஆபீஸ் புகார்க் கடிதத்தில் எழுதாதீர்கள். பணம் கையாடியவனைப் பற்றிச் 'சேட்டை பண்ணினான்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்.

சரி, என் மேனேஜர் லீவு முடிந்து வந்தார். முதல் கேள்வியே, "எனி ஷெனானிகன்ஸ்?"

"இல்லை சார்," என்றேன். "அவர் போனே பண்ணவில்லை."