முந்திரித் தோப்புக்குப் பிக்கப்: மின்சாரமா, ஹைப்ரிடா, டீசலா?

பண்ருட்டி முந்திரித் தோப்புக்கும் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலுக்கும் எந்தப் பிக்கப் ஒத்துவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு டீசலுக்கு.

மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் தரும். கிளட்ச் கருகும் வாடையே வராது. ஆனால் பேட்டரி கனம். ஈர மணலில் சக்கரம் புதைந்தால் அந்தக் கனமே எமன். அப்புறம், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நம் பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது? டீசல் என்றால் கேனில் வாங்கிவந்து ஊற்றிக்கொள்ளலாம்.

எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட், டவுனுக்குள் நின்று நின்று ஓடுபவருக்குத்தான் மிச்சம்.

தினமும் கொஞ்ச தூரம்தான், வீட்டிலேயே சார்ஜர் உண்டு என்றால் மின்சாரமும் சரிதான். எதுவானாலும் மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். திரும்பியதும் அடிப்பாகத்து உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.