தக்காளி டின்னா, உலர் ஆப்ரிகாட்டா?

கேள்வி: அண்ணா, ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். துபாயிலிருந்து வந்த நாத்தனார் நாலு தக்காளி டின்னும் ஒரு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட்டும் கொடுத்துவிட்டுப் போனார். நெட்டில் பார்த்தால் 100 கிராம் ஆப்ரிகாட்டில் பொட்டாசியம் 1160 மில்லிகிராம், டின் தக்காளியில் 190தான். இரும்புச்சத்தும் அதில் 2.7, இதில் 0.6. அம்மாவுக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. இனி மாதாமாதம் ஆப்ரிகாட் வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் பார்த்த எண்கள் சரிதான், ஒப்பிட்ட விதம்தான் தப்பு. டின் தக்காளியில் 100 கிராமுக்கு 94 கிராம் போலத் தண்ணீர், ஆப்ரிகாட்டில் சுமார் 30 கிராம். தண்ணீரை உறிஞ்சி எடுத்த பொருளில் எல்லாமே கூடித்தான் தெரியும், அதே தக்காளியை வெயிலில் வற்றல் போட்டு எடை பார்த்தால் பொட்டாசியத்திலும் இரும்பிலும் ஆப்ரிகாட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அதனால் வாயில் போகிற அளவைப் பாருங்கள். ஆப்ரிகாட் ஒரு நாளைக்கு ஐந்து தின்பீர்களா? அது 40 கிராம் இருக்கும், இரும்பு 1 மில்லிகிராம். 400 கிராம் டின் ஒன்றைப் பப்பில் (பருப்புக் குழம்பில்) போட்டு இரண்டு பேர் சாப்பிட்டால் ஆளுக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே 1 மில்லிகிராம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020இல் சொன்ன கணக்குப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், அம்மா வயதுக்குக் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் இந்த ஐந்து பழம் எந்த மூலைக்கு? டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதை விடாமல் போடச் சொல்லுங்கள், எலுமிச்சை ஜூஸோடு, காபி டீயோடு வேண்டாம்.

அப்புறம் சர்க்கரை. அந்த ஐந்து பழத்தில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, பழத்தின் சொந்தச் சர்க்கரைதான், ஆனால் குளுக்கோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்கு இரண்டு போதும். நார்ச்சத்து நன்றாகவே இருக்கிறது, மலச்சிக்கலுக்கு உதவும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் வீட்டில் இருந்தால் பொட்டாசியத்துக்காகவே டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பழம் சாமந்திப்பூ மாதிரி பளீரென்று இருந்தால் அநேகமாக 220 என்ற எண் இருக்கும். அது சல்ஃபர் டை ஆக்சைடு, நிறம் கறுக்காமல் இருக்கப் போடுவது. வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். சல்ஃபர் போடாதது பழைய புளி நிறத்தில் இருக்கும், பார்க்க அசிங்கம், எனக்கு ருசி அதில்தான். ஹைதராபாத்தில் குபானி கா மீட்டா என்ற இனிப்புக்கு ஊறவைப்பார்களே, அந்தக் கொட்டையோடு கூடிய பழமும் இதே ஆப்ரிகாட்தான்.

தக்காளி டின்னைத் தள்ளிவிடவும் வேண்டாம். அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன், வேகவைத்து எண்ணெயோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும், டின்னில் அடைக்கும்போதே வெந்துவிடுகிறது. ஆனால் நம் தக்காளித் தொக்கும் அதே வேலையைச் செய்கிறது! பலமனேர் மண்டியும் மதனப்பள்ளி மண்டியும் பக்கத்திலேயே இருக்க, காசு கொடுத்து டின் வாங்குவானேன்? 2023 ஜூலையில் மதனப்பள்ளியில் கிலோ 200 ரூபாயை ஒட்டிப் போனதே, அந்த மாதிரி சமயத்தில் மட்டும் டின்னைப் பற்றி யோசிக்கலாம்.

இருக்கிற நாலு டின்னில் உப்பு சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பப்பில் உப்பைக் குறையுங்கள். மூடி உப்பியிருந்தால் திறக்காமலே தூக்கிப் போடுங்கள். திறந்த பிறகு மிச்சத்தை டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.