நினைவு இசை விழா டிக்கெட்டை வாங்கி விற்கலாமா?

கேள்வி: மறைந்த பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நினைவாகக் கோவையில் இரண்டு நாள் இசை விழா நடக்கப்போவதாக விளம்பரம் வந்திருக்கிறது. குடும்பத்துக்காக நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் என் மைத்துனர், இன்னும் இருபது டிக்கெட் எடுத்து இருப்பு வைத்தால் விழா நெருங்கும்போது நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார். இத்தகைய டிக்கெட்டுக்குப் பின்னால் விலை ஏறுமா, ஏறாதா என்று எப்படிக் கணிப்பது? — பெருந்துறை வாசகர் ஒருவர்

பதில்: ஏறாது. இருபது டிக்கெட்டையும் எடுக்காதீர்கள். உங்கள் மைத்துனர் தம் தொழிலின் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார், அது பொருந்தவில்லை. மஞ்சளுக்கு இந்த ஆண்டு விலை இல்லையென்றால் கிடங்கில் வைத்து அடுத்த ஆண்டு விற்கலாம். டிக்கெட்டுக்கு அடுத்த ஆண்டு என்பது கிடையாது. விழா தொடங்கிய அரை மணி நேரத்தில் அதன் மதிப்பு முழுவதும் போய்விடும் என்பது வாங்குபவருக்கும் தெரியும். ஆகவே விற்றாக வேண்டிய அவசரம் உங்களுக்குத்தான் இருக்குமே தவிர, அவருக்கு இருக்காது.

ஒரு டிக்கெட் அச்சிட்ட விலையைத் தாண்டிப் போக வேண்டுமானால் இரண்டு பற்றாக்குறைகள் சேர வேண்டும். இருக்கைகள் போதாமல் இருக்க வேண்டும். மேடையில் இருப்பவரை வேறெங்கும் கேட்க முடியாது என்ற நிலையும் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் நவி மும்பையில் பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக் குழு நிகழ்ச்சி நடத்தியபோது, 2,500 ரூபாயிலிருந்து தொடங்கிய டிக்கெட்டுகளை மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை பேசினார்கள் என்றால், அந்தக் குழுவே நேரில் வந்து பாடியதுதான் காரணம். நினைவு விழாவில் நாம் யாருடைய குரலுக்காகப் போகிறோமோ அவர் மேடையில் இல்லை. 2020 செப்டம்பர் 25-க்குப் பிறகு அந்தக் குரலை நேரில் கேட்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. அவருடைய பாடல்களை அவரைப் போலவே பாடுகிற மெல்லிசைக் குழுக்களோ கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மார்கழியில் பாரியூர் குண்டம் திருவிழாவிலும், மாசியில் கோனியம்மன் தேரின்போதும், பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் பண்டிகையிலும் சுற்றுவட்டாரத்து மேடைகளில் அந்தப் பாடல்களை மக்கள் காசு கொடுக்காமல் விடிய விடியக் கேட்கிறார்கள். அந்தக் குழுக்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள்தான் இந்தப் பாடல்களை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் ஒன்றைக் கூடுதல் விலைக்கு விற்பது கடினம் என்பதைத்தான் சொல்கிறேன்.

விதிவிலக்கு உண்டு. பிரிட்டனின் க்வீன் இசைக் குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி 1991 நவம்பரில் மறைந்தார். 1992 ஏப்ரல் 20 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அவருக்கு நினைவு நிகழ்ச்சி நடந்தது. வேறு யார் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிக்கும் முன்பே 72,000 டிக்கெட்டுகளும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. துக்கம் ஆறாத ஐந்தாம் மாதம், அவரோடு வாசித்த மூவரும் மேடையில், அதுவும் ஒரே ஓர் இரவு. இந்த மூன்றும் சேர்ந்தால் நினைவு நிகழ்ச்சியின் டிக்கெட்டுக்கும் விலை ஏறும். ஆகவே உங்கள் கையில் உள்ள விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். பாலசுப்ரமணியத்தோடு இணைந்து பாடிய சித்ரா போன்ற ஒருவர் முழு நிகழ்ச்சியிலும் பாடுகிறாரா, அல்லது 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பெயரில் இரண்டு பாடலோடு விடைபெறுவாரா? வாத்தியக்காரர்கள் நேரடியாக வாசிக்கிறார்களா, அல்லது பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டுப் பாடப்போகிறார்களா? விளம்பரத்தில் பெயர்களே இல்லாமல் அவருடைய படம் மட்டும் பெரிதாக இருக்குமானால், அதை மறுவிற்பனைக்கு எண்ணவே வேண்டாம்.

அடுத்து இடம். கிக்கானி பள்ளிக் கலையரங்கம், நானி கலையரங்கம் போன்ற அரங்குகளில் இருக்கைகள் தரையோடு பிணைக்கப்பட்டவை, நிறைந்தால் நிறைந்ததுதான். கொடிசியா போன்ற பரந்த வளாகத்தில் கூட்டம் வரும் என்று தெரிந்தால் பின்னால் இன்னும் நாற்காலி போடலாம், புதிய டிக்கெட் வகுப்பு ஒன்றையும் திறக்கலாம். நீங்கள் நம்பியிருக்கும் பற்றாக்குறை ஒரே நாளில் காணாமல் போய்விடும்.

எந்தத் தேதி என்பதையும் பாருங்கள். பாலசுப்ரமணியத்தின் பிறந்த நாள் ஜூன் 4. மறைந்த நாள் செப்டம்பர் 25. நினைவு நிகழ்ச்சிகள் இந்த இரண்டையும் சுற்றியே நெருக்கியடிப்பதால், ஒரே வாரத்தில் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வெவ்வேறு அமைப்பாளர்கள் நடத்த, ஒரே ரசிகர் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. அந்த நாள் வைகாசியில் பெரிய முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டால், நம் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்திருக்கும்; டிக்கெட் எடுத்தவர்களே அதை யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று தேடுவார்கள். இரண்டு நாளுக்கும் சேர்த்த டிக்கெட்டை விற்பது இன்னும் கடினம், ஏனெனில் அடுத்தடுத்து இரண்டு மாலைகளும் ஓய்வாக இருப்பவர்கள் மிகச் சிலர்.

வெளியிலிருப்பவர்கள் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஊர் நிகழ்ச்சிகளின் செலவில் பெரும்பங்கை நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை, கட்டுமான நிறுவனம் போன்ற ஸ்பான்சர்கள் ஏற்கிறார்கள். அதற்கு ஈடாக முன்வரிசைப் பாஸ்கள் கட்டுக்கட்டாக அவர்களுக்குப் போகின்றன. அவர்கள் அவற்றை டீலர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கிறார்கள். அவர்களில் வர இயலாதவர்கள் கடைசி இரண்டு நாட்களில் வாட்ஸ்அப் குழுக்களில் 'பாஸ் வேண்டுமா?' என்று கேட்டு இலவசமாகவே கொடுக்கிறார்கள். நீங்கள் 1,500 ரூபாய் டிக்கெட்டுக்கு 1,800 கேட்டுக்கொண்டிருக்கும் அதே நாளில், அதைவிட நல்ல இருக்கை காசில்லாமல் கைமாறும்.

கணக்காகவே பார்ப்போம். 1,500 ரூபாய் வீதம் இருபது டிக்கெட்டுக்கு 30,000 ரூபாய். பன்னிரண்டை 1,800-க்கு விற்றுவிட்டீர்கள் என்று நல்லபடியாகவே வைத்துக்கொண்டாலும் 21,600 வரும். மீதி எட்டை விழா நாளன்று வாசலில் பாதி விலைக்குக் கொடுத்தால் 6,000. மொத்தம் 27,600, நட்டம் 2,400. முன்பதிவுத் தளம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பிடிக்கும் சேவைக் கட்டணம் இதில் சேரவில்லை. 500 ரூபாய்க்கு மேற்பட்ட கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் தனியாகக் கூட்டி வாங்கியிருந்தால் ஒரு டிக்கெட்டுக்கு 270 ரூபாய் மேலும் போகும். உங்களிடம் வாங்குபவர் அச்சிட்ட விலையைத்தான் பார்ப்பார். நீங்கள் கட்டிய கட்டணத்தையும் வரியையும் அவர் பொருட்படுத்த மாட்டார்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் பொறுப்பு. இன்றைய டிக்கெட் என்பது கைபேசியில் வரும் ஒரு கியூஆர் குறியீடு. விழா ரத்தானால் பணம் முதலில் வாங்கியவரின் கணக்குக்கே திரும்பும். அப்போது உங்களிடம் வாங்கிய பன்னிரண்டு பேருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2023-இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சி மழையால் ஆகஸ்ட் 12-இலிருந்து செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அந்த நாளிலும் முறையான டிக்கெட் வைத்திருந்தவர்களில் பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அவர்கள் முறையிட அமைப்பாளர் இருந்தார். இருபது பேருக்கு இடையில் நின்று விற்றவர் அந்த இடத்தில் என்ன செய்வார்? முன்பதிவுத் தளங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்த டிக்கெட்டை ரத்து செய்யும் உரிமையைப் பொதுவாகத் தங்களிடமே வைத்திருப்பார்கள். கச்சேரி டிக்கெட் மறுவிற்பனையைத் தடுக்க நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய அரங்குகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதே குற்றம். இங்கும் அப்படியொரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால், உங்கள் மைத்துனரைப் போலப் பத்துப் பேர் முதல் நாளே இருபது இருபதாக எடுத்தால், முதலில் தீர்வது 499 ரூபாய் போன்ற மலிவு வரிசைதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு, மனைவியோடு பேருந்தில் வந்து அந்தப் பாடல்களைக் கேட்க நினைப்பவரின் இடம் அது. அவருக்கு அது 700 ஆனால் வர மாட்டார். அந்த இடம் விற்காமல் உங்கள் கைபேசியிலேயே கிடந்தால் நாற்காலி காலியாகவே இருக்கும். பாடகரை நினைவுகூர நடத்தும் விழாவில் அவருடைய ரசிகரை வெளியே நிறுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல; உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், விற்பனை தொடங்கி இரண்டு வாரம் கழித்து முன்பதிவுத் தளத்தின் இருக்கை வரைபடத்தை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நடு வரிசைகள் அப்போதும் காலியாக இருந்தால் தேவை எவ்வளவு என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகை வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

நீங்கள் எடுத்த நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் வர இயலாமல் போனால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்தவர் யாருக்காவது அச்சிட்ட விலைக்கே கொடுங்கள். தளத்தில் பெயர் மாற்றும் வசதி இருந்தால் அதன் வழியாகவே மாற்றிவிடுங்கள். கியூஆர் குறியீட்டை மட்டும் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரே குறியீடு இருவர் கையில் இருந்தால் முதலில் வாசலுக்கு வருபவரே உள்ளே போவார்.