மரத்துப்பாக்கியால் ஒரு பட்டாளத்தைப் பயிற்றுவிக்க முடியுமா?

போர்க்காலத்தில் மரத்துப்பாக்கியைக் கொடுத்துக் காலாட்படையைப் பயிற்றுவித்தார்கள் என்பது உண்மையா, கேலிக்கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர வகுப்பு ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். கேலி என்ற சொல் என்னைச் சற்றுச் சுட்டதால் எழுதுகிறேன்.

உண்மைதான். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் பிரித்தானியப் போர் அமைச்சர் கிச்சனர் முதற்கட்டமாக ஒரு இலட்சம் தொண்டர்களைக் கேட்டபோது, அதைவிடப் பன்மடங்கு பேர் திரண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கக் காக்கித் துணியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நீலச் சீருடையோடும் மரக்கட்டையோடும்தான் பல பட்டாளங்கள் தொடங்கின. வட இங்கிலாந்தின் பருத்தியாலை நகரமான அக்ரிங்டனில் நகரபிதாவே முன்னின்று, அவ்வூரும் அயலூர்களும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட பட்டாளத்தைச் செப்டெம்பரில் திரட்டினார்.

ஆனால் துப்பாக்கியைவிடப் பெரிய தட்டுப்பாடு பயிற்றுவிப்பவர்களுக்கே இருந்தது. அனுபவமுள்ள சார்ஜன்ட்மார் பிரான்ஸ் களமுனைக்குப் போய்விட்டதால், ஓய்வு பெற்ற கிழவர்களை மீண்டும் அழைத்தார்கள். இதைப் புத்தகத்தில் வாசித்தபோது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

2006 இல் கிளிநொச்சிப் பக்கத்தில், எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த புதிதில், பொதுமக்களுக்கான தற்காப்புப் பயிற்சி எங்கள் பாடசாலை மைதானத்தில் நடந்தது. (இதைச் சொல்வதால் எவரையும் புகழ்கிறேன் என்றோ, இகழ்கிறேன் என்றோ கருத வேண்டாம், அங்கே நின்றவன் கண்டதைச் சொல்கிறேன்.) கையில் காட்டுத்தடியில் வெட்டிய கொட்டன், தோளில் மாட்டக் கயிறு. கட்டளை சொல்ல வந்த பையனுக்குக் குரல் இருந்தது, பொறுமை இல்லை. வயலில் ஐம்பது வயது வரை நிமிர்ந்து நடந்தவர்கள், "இடம், வலம்" என்றதும் வலக்காலோடு வலக்கையையும் சேர்த்து வீசத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், "சேர், இதை வைச்சு ஆரைச் சுடுறது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

முன்பு மாணவர் படையணியைப் பழக்கிய உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வந்த பிறகுதான் வரிசை வரிசையானது. அவர் கட்டளையே சொல்லவில்லை. கொட்டன்களைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லோரையும் குளக்கட்டில் சும்மா கதைத்துக்கொண்டு நடக்கவிட்டு, கைகால் தானாக ஒழுங்கானதும் மெல்லத் தாளம் பிடித்தார். கொட்டன் அதன்பிறகுதான் பயன்பட்டது: தோளுக்குப் பாரம் பழகவும், படுக்கும்போது முன்னால் நிற்பவனின் முதுகில் குத்தாமலிருக்கவும். சுடுவதற்கு அது உதவாது. உதவும் என்று எவரும் சொல்லவுமில்லை.

நாங்கள் சில மாலைகளில் பழகியது பட்டாளம் ஆகாது. அக்ரிங்டன்காரர்கள் 1915 முழுவதும் முகாம் முகாமாகப் பழகி, உண்மைத் துப்பாக்கி பிடித்து, எகிப்துக்குப் போய், 1916 இல்தான் பிரான்சில் இறங்கினார்கள். அவ்வாண்டு ஜூலை 1 அன்று செர் கிராமத்தின் முன்னால் தாக்குதலில் இறங்கிய சுமார் 720 பேரில் 584 பேர் அரைமணி நேரத்துக்குள் இறந்தோ, காயமுற்றோ, காணாமற்போயோ விட்டனர். ஓர் ஊராரை ஒரே அணியில் சேர்த்தால் ஆட்கள் விரைவாகச் சேருவார்கள், ஒருவரையொருவர் விட்டு ஓடவும் மாட்டார்கள். ஆனால் இழப்பும் அந்த ஒரே ஊரின் தெருக்களுக்குத்தான் வரும். ஒப்படையில் மரத்துப்பாக்கிக்கு ஒரு வரி போதும், மிச்சப் பக்கத்தை இதற்கும் அந்த ஓய்வு பெற்ற சார்ஜன்ட்மாருக்கும் கொடுங்கள்.