வெள்ளம் வடியும் நாளில் குடிதண்ணீர்: கேள்வி பதில்

நீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஆய்வுகூடத்திலும் 28 வருடம் வேலை செய்தவன் நான். மட்டக்களப்புப் பக்கத்து ஊர்க்காரர்கள் கிணறும் குழாயும் பற்றிக் கேளுங்கள்; கேட்பவரின் ஊர்ப் பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: சுற்றிவர வெள்ளம் நிற்கும்போது மோட்டார் போட்டுக் கிணற்றை வற்ற இறைக்காதீர்கள்.

நாவற்குடா: கிணற்றுக் கட்டையும் மேவி வெள்ளம் உள்ளே போய்விட்டது. எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? எப்போது குடிக்கலாம்?

வளவில் தண்ணீர் வடிந்து ஓரிரு நாள் போகட்டும். பிறகு வாளியாலோ சின்னப் பம்பாலோ மெல்ல மெல்ல இறைத்து, அடியில் உள்ள சேற்றை எடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நம்முடைய எழுவான்கரை மணல் நிலம். அவசரமாக வற்றப் பண்ணினால் வெளியே நிற்கும் தண்ணீரின் பாரத்தில் வளையம் சரியும், மணல் உள்ளே இழுபடும். பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இனி அளவு. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் எடுங்கள். விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் × 22, அதுதான் லீற்றர். 4 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் ஏறத்தாழ 2,100 லீற்றர். நூற்றுக்கு 30 குளோரின் உள்ள தூளில் இதற்கு 350 கிராம் வேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கு இது. நாள்பட்ட தூள், வாய் திறந்து கிடந்த பை என்றால் வீரியம் போயிருக்கும்.

தூளை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். உட்சுவரையும் அதாலேயே கழுவுங்கள். வாளியை நாலைந்து தரம் இறக்கி ஏற்றினால் நன்றாகக் கலக்கும். ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பரிசோதிக்கும்வரை கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும். குமிழி எழும்பித் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

காத்தான்குடி: சேர், எங்கட கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 20 அடிதான் வரும். மருந்து போட்டால் சரியாகுமா?

ஆகாது மகள். 50 அடியாவது இருக்க வேண்டும். நெருக்கமான வளவில் அதற்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எழும்பிக் குழியைத் தொடுகிறது. அந்த மணலில் அழுக்கு கிணற்றுக்கு நடந்தே வந்துவிடும். இன்றைக்குக் குளோரின் போட்டால் நாளைக்குப் புதிதாக வரும். கிணற்றைக் குளிக்கத் துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கக் குழாய்த் தண்ணீர் எடுங்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதென்றால் கட்டாயம் குழாய்த் தண்ணீர்தான். குழியிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு கைக்குழந்தைக்கு ஆகாது. அது கொதிக்க வைத்தாலும் போகாது; வற்ற வற்றக் கூடும்.

புளியந்தீவு: குழாய்த் தண்ணீரே கலங்கி வருகிறதே?

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். கெடுவது பெரும்பாலும் வழியில். குழாயில் அழுத்தம் குறைந்த நேரம் சிலர் வீட்டு மோட்டாரை நேரே குழாயில் பூட்டி உறிஞ்சுகிறார்கள். வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் வெடிப்பு எல்லாம் அப்போது ஊத்தையை உள்ளே இழுக்கும். ஒரு வீட்டுக்காரர் உறிஞ்சுவது தெருவுக்கே கேடு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஏறாவூர்: பிளீச்சிங் எத்தனை கரண்டி?

நாவற்குடாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம்.

கொக்கட்டிச்சோலை: அம்மம்மா பானையில் தேத்தாங்கொட்டை உரைப்பா. அது போதாதா?

அம்மம்மா செய்தது சரியான முதல் படி. கலங்கலை அது நன்றாகப் படிய வைக்கும், படிகாரமும் அப்படித்தான். கிருமியைக் கொல்லாது. தெளிவை வடித்துக் கொதிக்க வையுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் ஊற்றினால் சேறே அதைத் தின்றுவிடும். ஆகவே தெளிய வைப்பது முதல், மருந்து பிறகு.

வெல்லாவெளி: ஐயா, கிணற்றுக் கதை இருக்கட்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் மேட்டை நேரத்தோடு வெட்டியிருந்தால் இவ்வளவு தண்ணீர் நின்றிருக்குமா? பெரும்போக வயல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

பாலமீன்மடு: வெட்டினால் ஆற்று மீனும் இறாலும் கடலோடு போய்விடும். எங்கட வயிறு என்னாவது?

இருவர் சொல்வதும் நியாயம். மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் மறக்கிறோம்: கிணற்றுக்காரர். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், மணலுக்குள் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் மிதக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நம் ஊர்களின் நல்ல தண்ணீர் அந்த மிதப்புத்தான்.

வெல்லாவெளி: அப்படியென்றால் வாவிக்கு மேற்கே எங்கட படுவான்கரை மூழ்கட்டும் என்கிறீர்களா?

இல்லை தம்பி. வீடும் வயலும் மூழ்கும்போது வெட்டத்தான் வேண்டும். தேவைக்கு மிஞ்சி முந்தி வெட்டினால் வாவி மட்டம் இறங்கும், அதோடு மணலுக்குள் நிற்கும் நன்னீரும் இறங்கும், கீழிருந்து கடல் உப்பு ஏறும். கோடையில் கரையோரக் கிணறு சவர் தட்டும். ஆகவே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூடும்போது விவசாயியும் மீனவரும் பேசுவதோடு, கரையோரக் கிணறுகளின் மட்டத்தையும் அளந்து மேசையில் வைக்க வேண்டும். ஒரு நூலும் கல்லும் இருந்தால் யாரும் அளக்கலாம்.

பாலமீன்மடு: கிணறு உவர்த்தால் இறைத்து இறைத்து நன்னீராக்கலாம்தானே?

அந்தப் பிழையைத்தான் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு செய்தோம். கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், நானும் கூட நின்றேன். மேலே மிதந்த நன்னீர் போய், கீழே இருந்த உப்பு எழும்பியது. கடைசியில் உப்பைக் கழுவியது மாரி மழைதான்.

சம்மாந்துறை: ஆர்.ஓ. பில்டர் எந்தக் கம்பனி நல்லது?

கம்பனி சொல்ல மாட்டேன். தண்ணீரைப் பரிசோதித்த பிறகு வாங்குங்கள்.

கிரான்: பெரிய மோட்டார் ஒன்று கிடைத்தது. இன்றைக்கே கிணற்றை இறைத்து முடிக்கலாமா?

வேண்டாம். மூன்றாம் தரம் சொல்கிறேன். வளவில் முழங்கால் தண்ணீர் நிற்குதென்றால் கிணற்றைத் தொடாதீர்கள்.

வந்தாறுமூலை: மகனுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். தண்ணீரில் என்ன போடலாம்?

தண்ணீர்க் கதையை விடுங்கள் தங்கச்சி. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டே பிள்ளையை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கிணற்றைப் பார்க்கச் சொல்லி அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) அறிவியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே கிணற்றிலா குடிக்கிறார்கள்? அப்படியென்றால் அவர்களுக்கும் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.