ஹைட்ராக்ஸியூரியாவில் நின்ற ஈஸ்ட்: ஒன்று பிழைக்கிறது, ஒன்று ஏன் சாகிறது?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஈஸ்ட் வளர்ப்பில் 200 மில்லிமோலார் ஹைட்ராக்ஸியூரியா (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தடுக்கும் மருந்து) சேர்த்தேன். 3 மணி நேரத்தில் சாதாரண செல்களும் சரி, ராட்53 மரபணு (நகலெடுப்பில் சிக்கல் வந்தால் செல்லை எச்சரிக்கும் புரதத்துக்கானது) நீக்கிய செல்களும் சரி, பெரிய மொட்டோடு நின்றுவிட்டன. மருந்தைக் கழுவித் தட்டில் பரப்பினால் முதல் வகை வளர்கிறது, இரண்டாவது வளரவே இல்லை. ஏன்?

பதில்: மொட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டி.என்.ஏ.வை ஒளிரச் செய்யும் டாப்பி சாயம் போட்டு உட்கருவைப் பாருங்கள். சாதாரண செல்லில் உட்கரு ஒரே உருண்டையாக மொட்டின் கழுத்தருகே இருக்கும். ராட்53 இல்லாத செல்கள் பலவற்றில் அது இழுபட்டோ, ஏற்றத்தாழ்வாகப் பிய்ந்தோ கிடக்கும். டி.என்.ஏ.வை நகலெடுத்து முடிப்பதற்குள் பாகம் பிரிக்கக் கிளம்பிவிட்டது!

அந்த அவசரம்தான் கொல்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நோக்கடசோல் என்ற மருந்தைக் கொடுத்து உட்கரு பிரிவதைத் தடுத்து வைத்தாலும் இந்தச் செல்கள் பிழைப்பதில்லை. சேதம் அதற்கு முன்பே, இரு இழைகள் பிரிந்து நகலாகும் இடமான நகலெடுப்புக் கவையில் நடந்துவிடுகிறது.

ஹைட்ராக்ஸியூரியா, ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதியை முடக்குவதால் டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருள் வற்றுகிறது. புது இழையைக் கட்டும் பாலிமரேஸ் தயங்குகிறது, இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸோ முன்னால் போகிறது. இடையில் வெளிப்படும் ஒற்றை இழையை ஆர்பிஏ புரதம் போர்த்த, அங்கே மெக்1 என்ற எச்சரிக்கைப் புரதம் வந்து சேர்ந்து ராட்53-ஐத் தட்டி எழுப்புகிறது. ராட்53, பிந்தைய தொடக்கப் புள்ளிகளை (நகலெடுப்பு தாமதமாகத் தொடங்கும் இடங்களை) தடுத்து நிறுத்துகிறது. டன்1 என்ற இன்னொரு புரதத்தின் வழியாக, ரிடக்டேஸைக் கட்டிப்போட்டிருக்கும் எஸ்எம்எல்1 புரதத்தை அகற்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்ற கவை குலையாமல் காக்கிறது. என் பார்வையில் உயிர் தங்கியிருப்பது இந்தக் கடைசி வேலையில்தான். மெக்1 மரபணு மாறிய மெக்1-100 என்ற திரிபில், டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் மெத்தில் மீத்தேன் சல்ஃபோனேட் கொடுத்தால் பிந்தைய தொடக்கப் புள்ளிகள் அடங்காமல் கிளம்புகின்றன. ஆனாலும் கவைகள் குலையாததால் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ராட்53 இல்லாத செல்லில் கவையே குலைந்துபோவதால், மருந்தைக் கழுவிய பிறகு தொடர்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அப்புறம் உங்கள் ஒப்பீட்டைப் பற்றி ஒரு சந்தேகம். ராட்53-ஐ மட்டும் நீக்கினால் ஈஸ்ட் உயிரோடிருக்காது. அதனால் உங்கள் வகையில் அநேகமாக எஸ்எம்எல்1-உம் நீக்கப்பட்டிருக்கும். அப்படியானால் எஸ்எம்எல்1 மட்டும் நீக்கிய வகைதான் சரியான இணை. அதில் மூலப்பொருள் இருப்பு முதலிலேயே கூடுதல் என்பதால், சாதாரண வகையோடு ஒப்பிடுவது பாதிக் கணக்குதான்.

செல்களை ஆல்ஃபா ஃபேக்டர் என்ற ஈஸ்ட் ஹார்மோனில், நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 நிலையில் நிறுத்தி, அங்கிருந்து மருந்துக்குள் விடுங்கள். 3 மணி நேரம் வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை எடுத்துத் தட்டில் பரப்புங்கள். சாதாரண செல்கூட இந்த மருந்தில் முழுதாக நிற்பதில்லை, மெல்ல ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். மருந்துக் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள், நீரில் சிதையும். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, இணை வகையில் ராட்53-க்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டுங்கள். பாஸ்பேட் ஏறிய ராட்53 மெதுவாக நகர்வதால் பட்டை மேலே தள்ளி நிற்கும். அது மேலே போகவில்லை என்றால் முதலில் மருந்தைச் சந்தேகப்படுங்கள்.